கை நீட்டும் காலத்தில் கை கொடுப்போம்

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையிலே பேதுருவைச் சந்தித்த நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் வாசிக்கின்றோம். இரவு முழுவதும் வலை வீசிக் களைத்திருந்த மீனவர்களுக்காக அவர் கரையிலே தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து காத்திருந்தார். உணவு முடிந்தபின் தம் மந்தையைப் பேணும் பொறுப்பைப் பேதுருவிடம் ஒப்படைத்தார். அத்தோடு அவருடைய முதுமையைப் பற்றியும் பேசினார். இளமையில் தானே உடுத்திக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போய்வந்த பேதுரு, முதுமையிலே கைகளை நீட்டி நிற்பார். வேறொருவர் அவருக்கு உடுத்திவிடுவார். அவர் விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்வார் என்பது ஆண்டவருடைய வார்த்தையின் பொருள். பேதுருவின் இரத்த சாட்சியத்தை இது முன்குறித்தது என்று நற்செய்தியாளர் விளக்குகின்றார். ஆயினும் முதுமை என்பது என்ன என்பதையும் அதே வார்த்தை நமக்கு உணர்த்துகின்றது.

மன்னார்க் கரையோரத்தில் வாழும் நமக்கு இக்காட்சி மிக அண்மையானது. தலைமன்னாரிலும் பேசாலையிலும், தாழ்வுபாட்டிலும் பள்ளிமுனையிலும், வங்காலையிலும் அரிப்பிலும், ஒரு காலத்தில் காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துக் கடலோடியவர்கள் இன்று விறாந்தையிலே கதிரையில் அமர்ந்து, எழுந்து நிற்பதற்கு ஒரு கை கிடைக்காதா என்று பார்த்திருக்கின்றனர். அந்தக் கை யாருடையது, அது எந்நேரத்தில் நீளும் என்பதே இன்று நம் குடும்பங்களின் முன் நிற்கும் கேள்வியாகும்.

இவர்கள் யார்?

இன்று எழுபத்தைந்து வயதை எட்டியிருக்கும் ஒருவரின் வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி மன்னாரையும் தாக்கியபோது அவர் பள்ளிச் சிறுவர். 1990இல் போர் மூண்டு, தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டபோது, அவர் சிறு பிள்ளைகளைக் கையிற்பிடித்த நடுவயதுத் தந்தை அல்லது தாய். அவ்வாண்டில் பலர் வள்ளங்களில் ஏறி இராமேஸ்வரம் கரையை அடைந்து, மண்டபம் முகாமில் தஞ்சம் புகுந்தனர். வேறு பலர் மருதமடு அன்னையின் திருத்தலத்தில் மரங்களின் கீழ்க் குடில் அமைத்துத் தங்கினர். அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் சகோதரர்களும் தம் முதிய பெற்றோரையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டே புறப்பட்டனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் பெருநிலப் பகுதி மக்கள் மீண்டும் ஊர்விட்டு ஊர் ஓடி, இறுதியில் செட்டிகுளம் முகாம்களைச் சேர்ந்தனர்.

இத்தனை ஓட்டத்திலும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்து, படிப்பைக் கைவிடாமல் காத்து, ஒன்றுமில்லாத இடத்தில் மீண்டும் வீடு கட்டியவர்கள் இவர்களே. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்குப் புகையிரதம் 2015இல் திரும்பி வந்தது. ஆனால் அப்பாதைகளின் வழியே ஊருக்குத் திரும்பியவர்களைவிட, வேலை தேடி வெளியே சென்ற பிள்ளைகளே பல வீடுகளில் அதிகம்.

பணம் வருகின்றது, ஆள் இல்லை

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் மொத்த மக்களில் 12.4 வீதத்தினர். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அந்த விகிதம் அதற்குப் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. பிறப்பு குறைகின்றது, ஆயுள் நீளுகின்றது, இளையோர் புலம்பெயர்கின்றனர். நாடெங்குமுள்ள இந்நிலையோடு போரின் பிரிவும் இழப்பும் சேரும்போது, நம் முதியோரின் தனிமை இரட்டிப்பாகின்றது.

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருக்களும் துறவியரும் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. வீடு புதியது, நிலத்துக்கு மாபிள் பதித்திருக்கும், சுவரிலே கனடாவிலும் பிரான்சிலும் எடுத்த பேரப்பிள்ளைகளின் படங்கள் தொங்கும். உள்ளே ஆச்சி ஒருவர் காலையில் வடித்த சோற்றை இரவுக்கும் வைத்துக்கொண்டு தனியே இருப்பார். பணத்துக்குக் குறைவில்லை. அந்த மாபிள் நிலத்தில் நீர் சிந்தி அவர் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை என்பதே குறை.

பெற்றோரை மதித்து நடக்கக் கற்பிக்கும் நான்காம் கட்டளையை ஞாயிறு மறைக்கல்வியிலே சிறுவர்களுக்கே நாம் பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கின்றோம். ஆனால் அக்கட்டளை வளர்ந்த பிள்ளைகளையே மிக ஆழமாகக் கட்டுப்படுத்துகின்றது. தாய் தந்தையருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கொண்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் காட்டுகின்றது. திருவிழாச் செலவுக்கு முதல் ஆளாகப் பணம் அனுப்பும் நாம், அம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்றா என்று கேட்டிருக்கின்றோமா? பெற்றோரை மதிப்பது மனத்தில் எழும் உணர்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. அது நாளாந்த வேலைகளாக மாறவேண்டும். அந்த வேலைகள் எல்லாப் பிள்ளைகளிடையேயும் பங்கிடப்படவும் வேண்டும்.

ஒரு நாளின் சிறு கடமைகள்

முதலாவது, தண்ணீர். வயது ஏற ஏறத் தாக உணர்வு குறையும். மன்னாரின் வெயிலில் உடல் நீரை இழந்துகொண்டேயிருக்க, முதியவரோ தாகமில்லை என்பார். இரவில் மலசலகூடத்துக்கு எழவேண்டுமே என்ற பயத்தினாலும் பலர் குடிப்பதில்லை. இதனால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைச்சுற்று, சிலவேளைகளில் மனக்குழப்பமும் ஏற்படும். கேட்டுப் பார்த்து விட்டுவிடாமல், காலையிலிருந்து மாலை வரை மணிக்கணக்கு வைத்துச் சிறிது சிறிதாக நாமே கொடுக்கவேண்டும். இருதய, சிறுநீரக நோயாளருக்கு மட்டும் வைத்தியர் சொன்ன அளவே அளவு.

இரண்டாவது, உணவு. கருவாடின்றிச் சோறு இறங்காது என்பது நம் கரையோரத்துப் பழக்கம். ஆனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராமுக்குக் குறைவாகவே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. இரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கருவாடும் ஊறுகாயும் நாள்தோறும் ஆகா. பச்சை மீன் கிடைக்கும் ஊரிலே அதையே முள் நீக்கி மென்மையாகச் சமைத்துக் கொடுக்கலாம். முட்டை, பருப்பு, முருங்கையிலை, பழம் என்பன சிறிதளவேனும் சேரட்டும். பல் இல்லாமையால் வெறும் தேநீரும் விசுக்கோத்துமாக நாளைக் கழிக்கும் முதியோரின் தசை விரைவில் மெலியும். மெலிந்த கால்கள் தடுமாறும்.

மூன்றாவது, விழாமற் காத்தல். இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடமாடாமற் போனவர்கள் ஊருக்கு ஊர் உள்ளனர். குளியலறையிலும் மலசலகூடத்திலும் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, இரவிலே சிறு வெளிச்சம், வழுக்காத செருப்பு, நடைபாதையில் வலையும் கயிறும் கிடக்காமை ஆகியவை பெருஞ்செலவில்லாத காரியங்கள். படுக்கையிலிருந்து எழும்போது சற்று நேரம் விளிம்பில் அமர்ந்தபின் நிற்கப் பழக்கவேண்டும். விழுந்துவிடுவார் என்று பயந்து நாள் முழுதும் இருத்தி வைப்பது நேர்மாறான பலனையே தரும். மாலையில் வெயில் தணிந்தபின் கைபிடித்து ஒழுங்கை வரையேனும் நடத்திச் செல்வது மருந்துக்கு ஒப்பானது.

நான்காவது, மருந்து. கிளினிக் கொப்பியும் குளிசைகளும் ஒரே இடத்தில், ஒருவருடைய பொறுப்பில் இருக்கட்டும். அழுத்தம் சரியாகிவிட்டது என்று தாமே குளிசையை நிறுத்துவதும், விட்டுப்போனதற்காக அடுத்த வேளை இரட்டிப்பாக விழுங்குவதும், அயல்வீட்டாருக்குச் சுகம் தந்த குளிசையைத் தாமும் பாவிப்பதும் ஆபத்தானவை. நீரிழிவு உள்ளவருக்கு வியர்த்து, நடுங்கி, மயக்கம் வந்தால், விழுங்கக்கூடிய நினைவோடு இருப்பின் உடனே சீனி கலந்த நீர் கொடுங்கள். அவருடைய பாதங்களை நாள்தோறும் பாருங்கள். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்து பழகியவருக்குச் சிப்பி கீறியதும் தெரியாது. புண் ஆழமானபின்பே தெரியவரும்.

வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரின் வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். வட மாகாணத்தில் 2018 முதல் இயங்கும் 'சுவசெரிய' இலவச நோயாளர் காவு வண்டியை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இந்த இலக்கம் தொலைபேசிக்கு அருகே பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

திருச்சபை சுமத்தாத சுமை

தவக்காலம் வந்தால் நம் முதியோரில் பலர், குளிசை போட்டுக்கொண்டே பட்டினி கிடப்பர். பிள்ளைகள் சாப்பிடச் சொன்னால் பாவம் என்பர். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, 59 வயது நிறைந்தவரை நோன்புக் கடமை கட்டுப்படுத்தாது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கவேண்டும் என்ற விதியும் முதியோருக்கும் நோயாளருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் தளர்த்தப்பட்டுள்ளது. பராமரிப்பவரின் களைப்பையும் திருச்சபை எண்ணிப் பார்த்திருக்கின்றது என்பதைக் கவனியுங்கள். செபமாலையும் சிலுவைப்பாதையும் அவர்களுக்குப் போதுமான தவமாகும். வயிற்றைக் காயப்போட்டு மயங்கி விழுவதை இறைவன் கேட்கவில்லை.

அவ்வாறே, நோயில் பூசுதல் என்ற அருளடையாளத்தை 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயரோடு இன்னும் பலர் அஞ்சுகின்றனர். குருவானவர் எண்ணெயோடு வந்தால் மரணம் வந்துவிட்டது என்று நடுங்குகின்றனர். இது இறக்கும் தறுவாயிலிருப்போருக்கு மட்டும் உரியதன்று. நோயினாலோ முதுமையினாலோ உடல் தளர்ந்து ஆபத்தை நெருங்கும் எவருக்கும் உரியது. மீண்டும் பெற்றுக்கொள்ளவும் கூடியது. நினைவு தப்பும் வரை காத்திராமல், அவர் தெளிவோடு செபிக்கும் காலத்திலேயே குருவை அழையுங்கள்.

மனத்தின் காயங்கள்

உடலைப் பேணியபின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. போரிலே காணாமற்போன மகன் வருவான் என்று வாசற்கதவைத் தாழிடாமல் உறங்கும் தாய்மார் நம் மத்தியில் உள்ளனர். பதில் கிடைக்காமலே கண்மூடிய பெற்றோர் பலர். இத்தகைய துயரத்தோடு முதுமையும் சேரும்போது பசி குறையும், உறக்கம் கெடும், பேச்சு நின்றுவிடும். வயதானால் அப்படித்தான் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. மனச்சோர்வு மருத்துவ உதவியால் குணமாகக்கூடியது, வைத்தியரிடம் சொல்லவேண்டும். அந்த மகனுடைய பெயரைச் சொல்லி அவரோடு பேசுவதற்கு அஞ்சாதீர்கள். பேசாமல் மறைப்பதே அவரை மேலும் தனிமைப்படுத்தும்.

சிலருக்கு நினைவு மங்கும். உண்டதை மறந்து உண்ணவில்லை என்பர். நகையைத் தாமே ஒளித்துவிட்டு மருமகளைச் சந்தேகிப்பர். அப்போது எழும் கோபம் இயல்பானதே. தந்தையின் அறிவு குன்றும்போது அவரிடம் பொறுமையோடு நடந்துகொள்ளும்படியும், நம் வலிமையைக் காட்டி அவரை இகழாதிருக்கும்படியும் சீராக்கின் ஞானநூல் தன் மூன்றாம் அதிகாரத்தில் அறிவுரை கூறுகின்றது. 'மறதி நோய்' என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுதப்பட்ட அறிவுரை அது. விவாதித்து வெல்ல முயலாமல், மெதுவாகப் பேச்சை மாற்றுவதே இருவருக்கும் அமைதி தரும்.

பேதுருவுக்குச் சொல்லப்பட்டதில் இன்னொன்றும் உண்டு: விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்லப்படுதல். வீட்டைப் பூட்டிக் கொழும்புக்கு வரச்சொல்வதா, அறையை மாற்றுவதா, நிலத்தை எழுதுவதா, எதுவாயினும் அவரிடமே முதலில் கேட்கவேண்டும். வலை பொத்தவும் ஓலை பின்னவும் கை இன்னும் இயங்குமாயின் அதைப் பறிக்கலாகாது. தனக்கு ஒரு வேலை உண்டு, தன் சொல்லுக்கு மதிப்புண்டு என்ற எண்ணமே முதியவரை நாளைக் காலையில் எழச் செய்கின்றது.

பராமரிப்பவரை யார் பராமரிப்பது?

அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மகள், அல்லது ஒரு மருமகள், இந்தச் சுமை முழுவதையும் தனியே தாங்குகின்றார். படுக்கையில் இருக்கும் ஒருவருக்குப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், இரவிலும் அப்படியே. இதை மாதக்கணக்காகச் செய்பவரின் முதுகும் மனமும் என்ன ஆகும்? வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களோ தொலைபேசியில் "அம்மா ஏன் மெலிந்துவிட்டா?" என்று அவரிடமே கணக்குக் கேட்கின்றனர்.

உடன்பிறந்தவர்கள் ஒருமுறை கூடிப் பேசி வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாளில் அழைத்துச் செல்வது நகரில் இருக்கும் மகனின் பொறுப்பு. பகலில் சில மணி நேரத்துக்கு உதவியாள் வைக்கும் செலவு வெளிநாட்டில் இருப்பவரின் பொறுப்பு. அவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் அழைத்து, பணத்தைப் பற்றியன்றிப் பழங்கதை பேசட்டும். பாடசாலை விட்டு வரும் பேரப்பிள்ளை அம்மம்மாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டட்டும். ஞாயிறு காலையில் வேறொருவர் வந்து இருந்து, அந்த மகள் திருப்பலிக்குச் சென்று அமைதியாக அமர்ந்துவர இடம் கொடுக்கட்டும். மாமியாரைக் கைவிட மறுத்த ரூத்தை நாம் மறையுரைகளில் புகழ்கின்றோம். நம் வீட்டு ரூத்துக்கு ஓய்வு கொடுக்கின்றோமா?

பிள்ளைகளே இல்லாத முதியோருக்கு அன்பியமும் அயலவரும்தாம் உறவினர். முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டு செல்வோர், தண்ணீர்ப் பானையில் நீர் இருக்கின்றதா, குளிசை முடிந்துவிட்டதா என்றும் பார்த்து வரலாம். காலையிலே கதவு திறக்கவில்லையென்றால் தட்டிப் பார்க்கும் அயலவர், அவர் எம்மதத்தவராயினும், இறைவன் அனுப்பிய தூதரே.

அரசு தரும் உரிமைகளையும் அறிந்திருங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பதைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்கியது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், அச்சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு பெறலாம். அறுபது வயதைக் கடந்தோருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. வருமானம் குறைந்த முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களிலும் இவை பற்றி விசாரிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஓர் இளைஞர் முன்வந்தால் அதுவும் இரக்கச் செயலே.

யோவானின் வீடு

சிலுவையிலே தொங்கியபோதும் ஆண்டவர் தம் தாயின் முதுமைக்கு ஒழுங்கு செய்தார். அன்பு சீடர் அன்னையைத் தம் இல்லத்திலே ஏற்றுக்கொண்டார் என்று நற்செய்தி கூறுகின்றது. பொறுப்பு ஒருவருடைய பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்டது. அது ஒரு வீட்டிலே நிறைவேறியது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாக நிறுவினார். ஆண்டவரின் பாட்டியான புனித ஆனாளையும் புனித சுவக்கீனையும் ஜூலை 26இல் நினைவுகூர்கின்றோம். வங்காலை மக்கள் தம் ஆலயத்தில் அப்புனித ஆனாளையே பாதுகாவலியாகக் கொண்டுள்ளனர். பாட்டி ஒருவரைப் பீடத்தில் வைத்து வணங்கும் மக்கள், தம் வீட்டுப் பாட்டியை மூலையில் விட்டுவிடலாகாது.

ஆகவே, இன்று மாலை குடும்பச் செபம் முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். அப்பாவின் குளிசை யார் கையில், அம்மாவின் கிளினிக் எந்நாள், நாளை காலை அவர்களை நடக்கக் கூட்டிச் செல்பவர் யார் என்று பேசி முடிவுசெய்யுங்கள். தொலைவில் இருப்போர் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளட்டும். மருதமடு அன்னை நம் முதியோரையும், அவர்களுக்காக உறக்கம் இழந்து உழைப்போரையும் தம் அரவணைப்பில் காப்பாராக!